சப்ரெஸருடன் சப்சோனிக் தோட்டா சுட ஏற்ற செமி ஆட்டோ ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பேரல் (குழல்) முனையில் மாட்டும் சத்தமடக்கியான சப்ரெஸரை மாட்டிவிட்டால் துப்பாக்கி சத்தமே போடாது என்று நினைத்துத்தான் பலர் கடைக்குப் போகிறார்கள். சுடும்போது சத்தம் மூன்று இடங்களில் பிறக்கிறது. பேரல் முனையில் பீறிடும் வாயு ஒன்று. ஒலியை முந்திப் பறக்கும் குண்டு காற்றில் எழுப்பும் ‘படீர்’ இன்னொன்று. தோட்டாவை அறைக்குள் பூட்டி, சுட்டதும் பின்னால் போய் வரும் போல்ட் மோதும் சத்தமும், காலி உறை வெளியேறும் வாசல் வழியே கசியும் வாயுவும் மூன்றாவது. சப்ரெஸர் முதலாவதை மட்டும் அடக்கும். இரண்டாவதற்கு, ஒலியைவிட மெதுவாகப் பறக்கும் சப்சோனிக் தோட்டா வேண்டும். மூன்றாவது, நீங்கள் வாங்கும் செமி ஆட்டோ ரைஃபிளைப் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) பொறுத்தது. எனவே தோட்டாவில் தொடங்குங்கள்; பிறகு பேரல், அதன்பின் வாயு அமைப்பு. எந்த கம்பெனி, எந்த மாடல் என்பது கடைசியில்தான்.

படி 1: உங்கள் ஊர்ச் சட்டம்

சப்ரெஸர் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டின் தேசிய துப்பாக்கிச் சட்டப்படி ஒவ்வொரு சப்ரெஸரையும் பதிவு செய்ய வேண்டும். 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், அனுமதி வரும்வரை காத்திருப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் போன்ற மாநிலங்களில் பொதுமக்கள் வைத்திருக்கவே முடியாது. 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரல் உள்ள ரைஃபிளுக்கும் தனிப் பதிவு உண்டு. படி 3-இல் பேரல் நீளத்தைத் தீர்மானிக்கும்போது இதை மறக்காதீர்கள்.

படி 2: தோட்டா

20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், அதாவது 1,125 அடி. உறைபனிக் குளிரில் அது 331 மீட்டராக இறங்கிவிடும். வெயிலில் அமைதியாகப் போன தோட்டா குளிர்காலக் காலையில் ‘படீர்’ என்பதற்கு இதுதான் காரணம். பெட்டியில் நொடிக்கு 1,000 முதல் 1,050 அடி என்று போட்டிருந்தால் போதிய இடைவெளி இருக்கிறது.

வேகத்தைக் கட்டிப்போட்ட பிறகு, ஆற்றலைக் கூட்ட எடையைக் கூட்டுவது ஒன்றே வழி. 40 கிரெய்ன் (குண்டின் எடை அளவு; ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) .22 எல்.ஆர் சப்சோனிக் சுமார் 130 ஜூல் தரும். 147 கிரெய்ன் 9 மி.மீ. சுமார் 425 ஜூல். 220 கிரெய்ன் .300 பிளாக்அவுட் சுமார் 675 ஜூல். ஏ.ஆர்-15 ரைஃபிள்களின் வழக்கமான 5.56 மி.மீ. தோட்டாவில் சப்சோனிக் தேடாதீர்கள்: குண்டு இலேசு, ஆற்றல் சொற்பம், சாதாரண ரைஃபிளில் போல்ட்டும் நகராது.

காகித இலக்கில் பழகத் தொடங்குபவருக்கு .22 போதும். செலவு குறைவு, உதைப்பு கிடையாது, சப்ரெஸரோடு மிக அமைதியாகச் சுடுவதும் அதுதான். ரூகர் 10/22 போன்ற ரைஃபிளில் சப்ரெஸரைத் திருகி மாட்ட மரையிட்ட பேரல் உள்ள மாடலை வாங்குங்கள். சில சப்சோனிக் தோட்டாக்கள் போல்ட்டை முழுதாகப் பின்னுக்குத் தள்ளாது. மூன்று நான்கு வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கிப் பார்த்து, உங்கள் ரைஃபிள் எதைத் தடையின்றி ஓட்டுகிறதோ அதையே தொடருங்கள். .22 ஈயப் படிவை ஏராளமாக விடும், ஆகவே சப்ரெஸர் பிரித்துக் கழுவக்கூடியதாக இருக்கட்டும்.

9 மி.மீ. கார்பைனில் (குட்டை ரைஃபிளில்) எளிய புளோபேக் அமைப்பு, அதாவது பூட்டாத போல்ட்டை உறையின் அழுத்தமே பின்னுக்குத் தள்ளும் வகை, சப்ரெஸர் மாட்டியதும் வாயுவை முகத்துக்கே அனுப்பும். போல்ட் சத்தமும் அதிகம். போல்ட் திறப்பதைச் சற்றுத் தாமதிக்கும் ரோலர் டிலேடு, ரேடியல் டிலேடு வகைகள் விலை கூடினாலும் மென்மையானவை. 16 அங்குல பேரலில் சில 147 கிரெய்ன் தோட்டாக்களும் ஒலி வேகத்தை நெருங்கிவிடும். வேகமானியில் அளந்து பாருங்கள்.

வேட்டை உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே ரைஃபிள் என்றால் .300 பிளாக்அவுட்தான் எங்கள் தேர்வு. 2011-இல் தரப்படுத்தப்பட்ட இது, செமி ஆட்டோவில் சப்சோனிக் ஓடுவதையும் மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. ஏ.ஆர்-15-இன் போல்ட்டும் மேகசினும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அப்படியே பொருந்தும். பேரல் மட்டும் வேறு.

அந்த வசதியிலேயே பெரிய ஆபத்தும் இருக்கிறது. .300 பிளாக்அவுட் தோட்டா 5.56 ரைஃபிளின் மேகசினில் ஏறும். சிலசமயம் அறைக்குள்ளும் போய் போல்ட் பூட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் 7.8 மி.மீ. குண்டு 5.7 மி.மீ. துளைக்குள் திணிக்கப்பட்டு ரைஃபிள் வெடித்துவிடும். இரண்டும் வைத்திருப்பவர்கள் மேகசின்களை நிறத்தால் பிரித்து வையுங்கள், ஒரே மேசையில் இரண்டையும் பரப்பாதீர்கள்.

படி 3: பேரல்

.300 பிளாக்அவுட்டின் வெடிமருந்து சுமார் 9 அங்குலத்துக்குள் எரிந்து முடியும். சப்சோனிக்குக்கு நீண்ட பேரலால் லாபமில்லை. பதிவு வேண்டாம் என்பவர் 16 அங்குலம் எடுக்கலாம், சப்ரெஸரோடு நீளமாக இருக்கும் அவ்வளவுதான்.

முறுக்கு விகிதம், அதாவது பேரலின் உள் வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகின்றன என்பது, முக்கியம். நீளமான, கனமான குண்டு மெதுவாகப் போகும்போது நிலையாக நிற்க வேகமாகச் சுழல வேண்டும். 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது குறைந்தபட்சம். 7-க்கு ஒன்று இன்னும் நல்லது. சுழற்சி போதாத குண்டு தள்ளாடி சப்ரெஸரின் உள்தட்டில் உரசும். சப்ரெஸர் பாழ், சுடுபவருக்கும் ஆபத்து.

படி 4: வாயு அமைப்பு

புதியவர்கள் பார்க்கத் தவறும் இடம் இது. பேரலிலுள்ள சிறு துளை வழியே வாயுவை எடுத்து போல்ட்டைத் தள்ளுவதுதான் வாயு அமைப்பு. சப்சோனிக் தோட்டாவில் மருந்து குறைவு, அழுத்தம் சீக்கிரம் இறங்கிவிடும். வாயுத் துளை தூரத்தில் இருந்தால் குண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் போல்ட்டைத் தள்ளும் சக்தி மிச்சமிருக்காது. எனவே .300 பிளாக்அவுட்டில் ‘பிஸ்டல் லெங்த்’ எனும் மிகக் குட்டையான வாயுக்குழாய் உள்ளதையே கேளுங்கள். 16 அங்குல பேரலில் அதைவிட நீளமான ‘கார்பைன் லெங்த்’ போட்டு விற்பவை உண்டு. சப்ரெஸர் இல்லாமல் அவற்றில் சப்சோனிக் திக்கும்.

சப்ரெஸர் மாட்டினால் கதை தலைகீழாகும். வாயு வெளியேறத் தாமதமாவதால் பின்னழுத்தம் கூடி, போல்ட் வேகமெடுக்கும். அதே ரைஃபிளில் சூப்பர்சோனிக் (ஒலியை முந்தும்) தோட்டாவும் சுட்டால் வேகம் இன்னும் ஏறும். இதைச் சமாளிக்கத்தான் வாயுவின் அளவை மாற்றக்கூடிய கேஸ் பிளாக் (வாயுத் துளையின் மேல் அமரும் பாகம்). சிக் எம்.சி.எக்ஸ் போன்ற பிஸ்டன் ரைஃபிள்களில் இரண்டு நிலை வால்வு தொழிற்சாலையிலேயே வருகிறது.

சரிசெய்யும் முறை: சப்ரெஸரை மாட்டுங்கள். கேஸ் பிளாக்கை முழுதாக மூடுங்கள். மேகசினில் ஒரே ஒரு சப்சோனிக் தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளாவிட்டால் ஒரு கிளிக் திறந்து மறுபடி. பூட்டிக்கொண்ட நிலையிலிருந்து மேலும் ஒரு கிளிக் திறந்து நிறுத்துங்கள். அழுக்கு சேர்ந்தாலும் குளிர் கூடினாலும் ஓட அந்த ஒரு கிளிக் உதவும். உறை பின்பக்கமாகச் சோம்பி விழுந்தால் வாயு போதவில்லை. முன்பக்கமாகச் சீறிப் பறந்தாலோ, உறையின் விளிம்பு கிழிந்திருந்தாலோ, கண் எரிந்தாலோ வாயு அதிகம். முழுதாகக் குறைத்தும் வேகம் அடங்காவிட்டால் போல்ட்டின் பின்னால் அமர்ந்து அதன் வேகத்தைத் தணிக்கும் 85 கிராம் எடையுள்ள சாதாரண பஃபருக்குப் பதில் கனமான எச் அல்லது எச்2 போடலாம்.

படி 5: மரையும் நேர்கோடும்

.30 துளை பேரல்களில் வழக்கமான மரை 5/8×24 (5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை). ஆனால் .22-இலும் 5.56-இலும் பல 9 மி.மீ. பேரல்களிலும் அதே 1/2×28 மரைதான். மரை பொருந்துகிறது என்று .22 சப்ரெஸரை 9 மி.மீ. பேரலில் மாட்டினால் முதல் குண்டே அதைப் பிளந்துவிடும். துளை அளவைப் படித்துவிட்டுத் திருகுங்கள்.

நசுங்கும் வாஷர் போடாதீர்கள், சப்ரெஸர் கோணலாக உட்காரும். ரைஃபிளைக் காலி செய்து, இருமுறை சரிபார்த்து, துளை அளவுக்கான நேர்சோதனைக் கம்பியை உள்ளே விடுங்கள். சப்ரெஸர் முனையில் பார்க்கும்போது கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் இடைவெளி சமமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் சுடவே கூடாது.

படி 6: முதல் சுடுதல்

முதலில் சப்ரெஸர் இல்லாமல் 25 மீட்டரில் காகிதத்தில் சுடுங்கள். ஓட்டைகள் வட்டமாக இருந்தால் சப்ரெஸர் மாட்டலாம். நீள்வட்டமாகவோ சாவித்துளை போலவோ இருந்தால் அந்தத் தோட்டா அந்த பேரலுக்கு ஆகாது. நேரடி மரை சப்ரெஸர் சுடச்சுடத் தளரும். ஒவ்வொரு மேகசின் முடிந்ததும் இறுக்கம் பாருங்கள், வெறுங்கையால் தொடாமல் கையுறையோடு.

காதுக்கவசத்தைக் கழற்றாதீர்கள். செமி ஆட்டோவில் வாசல் திறக்கும் இடம் உங்கள் காதுக்கு அருகில்தான் இருக்கிறது.

வேட்டைக்கு என்றால், குறைந்த வேகத்திலும் விரியும்படி செய்யப்பட்ட ஹார்னடி சப்-எக்ஸ் 190 கிரெய்ன் போன்ற குண்டு வேண்டும். சாதாரண குண்டு விரியாமல் துளைத்துப் போய்விடும், விலங்கு காயத்தோடு அலையும். தூரத்திலும் பேராசை கூடாது: 50 மீட்டருக்குச் சரிசெய்த 220 கிரெய்ன் குண்டு 100 மீட்டரில் ஏறத்தாழ 20 செ.மீ. கீழே விழும். கனமான, மெதுவான குண்டு கல்லிலும் இரும்பிலும் உடையாமல் தெறித்துத் திரும்பக்கூடியது, எனவே இலக்குக்குப் பின்னால் தாராளமான மண்மேடு இல்லாத இடத்தில் சுடாதீர்கள்.