கிரேக்க, ரோமத் தொன்மங்களைக் கொண்டு இளையோர் சாகசக் கதை எழுதுவது எப்படி?

கிரேக்க, ரோமத் தெய்வங்களை வைத்து இளையோருக்குச் சாகச நாவல் எழுத முனைபவர், முதலில் ஒரே ஒரு தொன்மக் கதையைத் தேர்ந்துகொண்டு அதன் விதிகளைத் தனித்தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, பாம்புக் கூந்தல் கொண்ட அரக்கி மெடூசாவை நேருக்கு நேர் பார்த்தவர் கல்லாகிவிடுவார்; வீரன் பெர்சியுஸ் பளபளக்கும் கேடயத்தில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்தே அவள் தலையைக் கொய்தான்; வெட்டுண்ட பின்னும் அத்தலை தன் ஆற்றலை இழக்கவில்லை. உங்கள் கதை இன்றைய நகரத்தில் நடக்கிறதென்றால், பதினான்கு வயது நாயகி கைபேசித் திரை வழியாக மெடூசாவைப் பார்த்தால் கல்லாவாளா, மாட்டாளா என்பதை முதல் அத்தியாயத்திற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். திரையும் கேடயம் போன்றதே என்று வைத்துக்கொண்டால், உச்சக்கட்டத்தில் சார்ஜ் தீர்ந்துபோக வழி பிறக்கிறது.

ரோமத் தெய்வங்களைக் கிரேக்கத் தெய்வங்களின் வெறும் மாற்றுப்பெயர்களாகக் கருதும் தவறு பலரிடமும் உண்டு. ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டில் போர்க்கடவுள் ஏரிஸ், டயோமிடீஸ் என்னும் கிரேக்க வீரனின் ஈட்டியால் காயமுற்று, அலறியபடி தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸ் மலைக்கு ஓடித் தந்தை சீயஸிடம் வசை வாங்குகிறான். அவனுக்கு இணையான ரோமர்களின் மார்ஸோ, ரோம் நகரை நிறுவிய ரோமுலஸின் தந்தையாகப் போற்றப்பட்டவன். மார்ச் மாதத்தின் பெயரே அவனால் வந்தது. ஆகவே இவ்விருவரின் பிள்ளைகளும் சந்தித்தால், ஒருவனுக்குத் தந்தையின் பெயரைச் சொல்லவே கூச்சமாகவும், மற்றவனுக்குப் பெருமிதமாகவும் இருக்கும். நல்ல உரையாடல் அங்கேதான் கிடைக்கும்.

குறிசொல்லும் காட்சி வைப்பதானால் இருபொருள்பட எழுதுங்கள். பாரசீகத்தின்மீது படையெடுத்தால் பேரரசு ஒன்று அழியும் என்று லிடிய மன்னன் குரோசஸுக்கு டெல்ஃபி என்னும் ஊரின் கிரேக்கக் கோயிலில் குறி சொன்னதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அழிந்தது அவனுடைய அரசே.