ஷாட் டிராக்கரில் முதலில் பார்க்க வேண்டியது எது?

கிளப்பின் (கோல்ஃப் மட்டையின்) பிடி முனையில் சென்சார் மாட்டி, போனிலோ வாட்ச்சிலோ ஜிபிஎஸ் ஓடவிட்டு, ஒவ்வொரு ஷாட்டையும் பதிவுசெய்யும் ஷாட் டிராக்கரோடு கோல்ஃப் ஆடுபவர்கள், ஆட்டம் முடிந்ததும் முதலில் திறந்து பார்ப்பது அன்றைக்கு அடித்த மிக நீளமான ஷாட்டைத்தான். அதை விடுங்கள். ஒவ்வொரு கிளப்பிலும் பந்து வழக்கமாக எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) என்றைக்கோ ஒருநாள் 150 கஜம் போயிருக்கும், ஆனால் பெரும்பாலான ஷாட்கள் 138-ஐ ஒட்டியே நின்றிருந்தால் உங்கள் 7 அயர்ன் 138 கஜம்தான், கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரைக்கு) முன்னால் இருக்கும் பங்கரில் (மணல் பள்ளத்தில்) அடிக்கடி மாட்டுகிறீர்கள் என்றால் இன்னும் தூரம் போகும் அடுத்த கிளப்பை எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்', அதாவது சராசரியைவிட எத்தனை ஸ்ட்ரோக் லாபம் அல்லது நஷ்டம் என்று காட்டும் எண். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கிய கணக்கு இது, அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் 2011-ல் பட்டிங்குக்கு (கிரீனில் பந்தைக் குழியை நோக்கி உருட்டுவதற்கு) இதைக் கொண்டுவந்தது. 8 அடி தூரத்திலிருந்து அடிக்கும் பட்டில், டூர் வீரர்களே ஏறக்குறைய பாதி முறைதான் ஒரே ஸ்ட்ரோக்கில் பந்தைக் குழியில் போடுகிறார்கள், அதாவது சராசரி 1.5 ஸ்ட்ரோக். நீங்கள் ஒன்றில் போட்டால் அரை ஸ்ட்ரோக் லாபம், இரண்டானால் அரை ஸ்ட்ரோக் நஷ்டம். டிரைவ் (தொடக்கத்து நீள ஷாட்), அப்ரோச் (கிரீனை நோக்கிய ஷாட்), சிப் (கிரீனுக்குப் பக்கத்திலிருந்து சின்ன ஷாட்), பட் என்று பிரித்துக் காட்டும்போது எதில் அதிகம் இழக்கிறீர்களோ அதற்குப் பயிற்சி நேரத்தைக் கொடுங்கள். ஒப்பிடும் அளவை மட்டும் உங்கள் ஹேண்டிகேப்புக்கு (ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணுக்கு) பக்கத்தில் வையுங்கள், டூர் வீரர்களோடு வேண்டாம்.

குழிக்குப் பக்கத்தில் தட்டிவிடும் குட்டி பட்களைச் சென்சார் சில சமயம் தவறவிடும், அதனால் ஆட்டம் முடிந்த கையோடு, ஞாபகம் இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.