செர்மாட்: எந்த மாதத்தில் எப்படிப் போவது

சுவிட்சர்லாந்தின் மலையூரான செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார்களுக்கு அனுமதி இல்லை. 5 கி.மீ. முன்னால் உள்ள டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏறுங்கள். 12 நிமிடப் பயணம்.

நடக்க விரும்புகிறவர்களுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏற்றது. ஸ்டெல்லிசே ஏரியில் மேட்டர்ஹார்ன் சிகரத்தின் பிம்பம் தெளிவாக விழ, காற்றே இருக்கக் கூடாது. அதனால் காலையிலேயே போய்விடுங்கள். சிறு காற்று அடித்தாலும் நீர் சிலிர்த்து பிம்பம் கலைந்துவிடும். மதியத்துக்கு மேல் மேகம் சிகரத்தை மூடுவதும் சகஜம். செர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட் மலைமுகட்டுக்குப் போகும் ரயிலில் ஏறும்போது, மேட்டர்ஹார்ன் தெரிய வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள்.

பனிச்சறுக்குக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் பாதி வரை. மே, நவம்பர் மாதங்களில் அறை மலிவாகக் கிடைக்கும். ஆனால் பல ஓட்டல்களும் கேபிள் கார்களும் மூடியிருக்கும். மலைக்காகவே போகிறவர்களுக்கு அது வீண் சிக்கனம்.

ஊரே சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 3,883 மீட்டரில் உள்ள கிளேசியர் பாரடைஸ் என்ற கேபிள் கார் நிலையத்துக்கு முதல் நாளே ஏறாதீர்கள். உடல் பழகாததால் தலைவலி, குமட்டல் வரலாம். ஓரிரவு தங்கிவிட்டுப் போங்கள், மேலே மெதுவாக நடங்கள். தலை சுற்றினால் உடனே கீழே இறங்கிவிடுங்கள். கோடையிலும் அங்கே கம்பளிச் சட்டை, கையுறை, கறுப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும்.