மூக்கடலைக் குழம்பு, ஒரு பிடி கூடுதலாக

கொண்டைக்கடலையை எங்கள் பக்கம் மூக்கடலை என்போம். குழம்புக்குக் கறுப்புதான் சரி, வெள்ளை புளியில் சப்பென்று கிடக்கும்.

ஒரு கப் கடலை, மேலே ஒரு பிடி. கல் பொறுக்கிக் கழுவி, நாலு கப் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு ராத்திரியே ஊறவையுங்கள். உப்புப் போட்டால் வேகாது என்பார்கள், தப்பு. உப்பு தோலை இளக்கும், வேகவிடாமல் கெடுப்பது புளிதான். காலையில் ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள், நடுவில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஊறவேண்டும்.

அந்த ஒரு பிடி எதற்கென்றால், தாத்தாவின் அண்ணன் பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. அந்தப் பஞ்சத்திலும் கொள்ளுப்பாட்டி, ராத்திரியில் பிள்ளை வந்து நின்றால் என்ன செய்வது என்று ஒரு பிடி சேர்த்தே ஊறப்போடுவாராம். தாத்தாவின் அண்ணன் செத்த நாள் தெரியாததால் மகாளய அமாவாசையில்தான் அவருக்குப் படையல். கத்திரிக்காய்க்கு வேலூர் லாங் பஜார் போகும்போது மணிக்கூண்டைப் பார்ப்பேன். முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போய் 14 பேர் உயிர்விட்டதாக அதில் பொறித்திருக்கிறது. இவர் அடுத்த போர், அந்தக் கணக்கில் வரமாட்டார்.

சரி, அடுப்புக்கு வருவோம். குக்கரில் கடலைக்கு மேலே ஒரு விரற்கடை தண்ணீர், ஆறு விசில். போன வருஷம் எனக்குக் கிடைத்தது பழைய சரக்கு, எட்டு விசிலுக்கும் அசையவில்லை, படையல் மதியம் இரண்டு மணிக்குப் போனது. அப்படி மாட்டினால் ஒரு சிட்டிகை சமையல் சோடா, அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை அடிக்கும்.

நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் (படையலென்றால் வெங்காயம், பூண்டு கிடையாது). நாலு முள்ளுக்கத்திரிக்காயைப் பிளந்து வதக்கி, இரண்டு ஸ்பூன் குழம்புத்தூள், அப்புறம் எலுமிச்சையளவு புளிக்கரைசல். பச்சை வாசம் போனபின் வெந்த கடலையை வேகவைத்த தண்ணீரோடே கொட்டுங்கள், ஒரு பிடியை மட்டும் அரைத்து ஊற்றினால் குழம்பு திக்காகும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்ததும் இறக்குங்கள்.

எங்கள் வீட்டில் இது எப்படியும் மிஞ்சும். மறுநாள் கேழ்வரகுக் களிக்கு இதைவிட வேறொன்று வேண்டாம். சூடு பண்ணும்போது கால் டம்ளர் வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடிப்பிடிக்கும்.