நெல் அறுத்த ஈரத்திலேயே கோதுமை: உழாமல் விதைக்கும் முறை

பஞ்சாப், ஹரியானாவில் நவம்பர் நடுப்பகுதி தாண்டினால், விதைப்பு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் கோதுமை விளைச்சல் சுமார் 1 சதவீதம் குறையும். தாமதமான பயிர் மார்ச் வெயிலில் சிக்கி மணி சூம்பிவிடும். 2022 மார்ச்சில் அடித்த வெயிலில் வட இந்தியா முழுக்க இதைப் பார்த்தோம். முன்பாசனம் (விதைக்கும் முன் கட்டும் தண்ணீர்), சட்டிக் கலப்பை, கொத்துக் கலப்பை, பரம்பு என்று வழக்கமாகச் செய்தால் பத்து நாளாவது போய்விடும். ஒவ்வொரு உழவிலும் அடிமண் மேலே வந்து காய்கிறது. நெல்லுக்குப் பாய்ச்சியதில் மிஞ்சிய ஈரத்தை நாமே வெளியேற்றிவிட்டு, மறுபடி தண்ணீர் கட்டுகிறோம்.

அந்த ஈரத்திலேயே உழாமல் விதைக்கும் வேலை நெல் வயலிலேயே தொடங்குகிறது. கடைசித் தண்ணீரை அறுவடைக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு நிறுத்துங்கள். மணற்பாங்கானால் சில நாள் தள்ளி நிறுத்தலாம். சேறாக இருக்கும்போது அறுவடை இயந்திரம் இறங்கினால் சக்கரத் தடம் பள்ளமாகும், பிறகு விதை ஒரே ஆழத்தில் விழாது. இயந்திரத்தில் சூப்பர் எஸ்.எம்.எஸ். இணைப்பு இருக்கட்டும். அது நெல் தாளை (வைக்கோலை) நறுக்கிச் சீராகப் பரப்பும். குவியலாகக் கிடந்தால் அடியில் முளைப்பு வராது.

விதைக்கும் முன் மேலே 5 செ.மீ. ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். கையில் ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். ஈரம் மிகுந்த களிமண்ணில் கொழு போட்ட சால் மூடாது. விதை வெளியே தெரியும், பறவை தின்றுவிடும்.

தாளை எரிக்காமல் விதைக்க ஹேப்பி சீடர் (தாள் கிடக்கும் வயலிலேயே விதைக்கும் கருவி) வேண்டும். அதற்கு 45 குதிரைத்திறனுக்குக் குறையாத டிராக்டர் தேவை. ஏக்கருக்கு 45 கிலோ விதை, வரிசை இடைவெளி 20 முதல் 22 செ.மீ., ஆழம் 4 முதல் 5 செ.மீ. காலையில் ஓட்டாதீர்கள். பனியில் நனைந்த தாள் கொழுவில் சுற்றி அடைக்கும். முதல் பத்தடி ஓட்டியதும் இறங்கி, சால் மண்ணை விரலால் கிளறி விதையின் ஆழத்தைப் பாருங்கள். எந்தக் குழாயிலாவது விதை வரவில்லை என்றால் அப்போதே தெரியும். முளைத்த பிறகு தெரிந்து பயனில்லை.

முதல் பாசனத்தில்தான் பலரும் கெடுக்கிறார்கள். விதைத்த 20 முதல் 25-ஆம் நாளில், முடிவேர் (தண்டின் அடியில் கிளம்பும் வேர்) விடும் பருவத்தில் அதைக் கட்டுவது வழக்கம். தாள் போர்த்திய வயலில் ஈரம் தங்குவதால் சில நாள் தள்ளலாம். எப்போது கட்டினாலும் மெல்லியதாகக் கட்டுங்கள். தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் நின்றால் வேருக்குக் காற்றில்லாமல் பயிர் மஞ்சளிக்கும். அதைத் தழைச்சத்துக் குறை என்று எண்ணி யூரியாவைக் கொட்டுவது வீண். மேலுரமாகப் போடும் யூரியாவைப் பாசனத்துக்குச் சற்று முன் வீசுங்கள். காய்ந்த தாள்மேல் கிடந்தால் காற்றோடு போய்விடும்.

ஒரே நாளில் விதைத்த உழுத வயலைவிட இது அதிகம் விளையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் சமமாகவே வரும். லாபம் முந்திய விதைப்பிலும், மிஞ்சும் டீசலிலும், ஒரு முன்பாசனத்திலும் இருக்கிறது. மண்ணைக் கிளறாததால் குல்லி டண்டா களையும் குறைவாக முளைக்கும். ஆனால் தாளை அகற்றிவிட்டு உழாமல் மட்டும் விதைத்தால் மேல்மண் இறுகிக் காயும். மானாவாரியில் அது நஷ்டம். தாள் உள்ள வயலில் எலியும் இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பான் புழுவும் தங்கும் என்பதால், முளைத்த முதல் மாதம் வாரம் ஒருமுறை வயலுக்குள் நடந்து, நடுக்குருத்து காய்ந்த பயிர் இருக்கிறதா என்று பாருங்கள்.