மலை மறைந்தால் பத்து நிமிஷம்: கோடைச் சூறைக்காற்றுக்கு ஊர் எப்படித் தயாராவது

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம். வைகாசியில் கெங்கையம்மன் திருவிழா. மத்தியானம் கூழ் ஊற்றி முடித்து, சாயங்கால அன்னதானத்துக்கு இலை போட்டுக்கொண்டிருந்தோம். கோயிலுக்கு முன்னால் தகரப் பந்தல், அதை ஒட்டி சாமியானா, ராத்திரி தெருக்கூத்துக்கு மேடை. உள்ளே நூறு பேராவது இருந்திருப்பார்கள், பாதிக்கு மேல் பிள்ளைகள். நாலரை மணி வாக்கில் காற்று சுத்தமாக நின்றுபோனது, தோரணத்து வேப்பிலை ஒன்றுகூட ஆடவில்லை. மேடை ஓரமாக உட்கார்ந்திருந்த என் ஆயா, "இன்னாடா, மலையையே காணோம்?" என்றது.

திரும்பிப் பார்த்தால் ஜவ்வாது மலை இருக்கவேண்டிய இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு திரை. மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் மைக்கைப் பிடுங்கி, "சாப்பாடு அப்புறம். எல்லாரும் இஸ்கூலாண்ட நடங்க, பசங்கள முன்னாடி விடுங்க" என்று கத்தினார். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள், பாயசத்தோடு இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. கடைசி ஆள் பள்ளிக்கூட வராண்டாவில் ஏறுவதற்குள் அடித்தது பாருங்கள், பந்தல் முழுசாக ஒரு முழம் மேலே எழும்பி, அந்தரத்தில் ஒரு நொடி நின்று, அப்புறம்தான் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு தகரம் புளியமரத்தில் ஆளுயரத்துக்கு மேலே மடங்கிச் சொருகிக்கொண்டது. எல்லாம் எட்டு நிமிஷம். ஒருத்தருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, டியூப்லைட் கண்ணாடியை மிதித்த ஒரு பையனுக்குக் காலில் இரண்டு தையல், அவ்வளவுதான்.

ஆயா அந்தப் பக்கம் பார்த்து உட்காராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துத்தான், அதற்குப் பிறகு நாங்கள் செய்துவைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வடாற்காட்டில் எந்த ஊர்க்காரருக்கும் இது பொருந்தும்.

முதலில் இந்தக் காற்று ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், தெரிந்தால்தான் எப்போது பயப்படவேண்டும் என்று தெரியும். கத்திரி வெயிலில் நம் பக்கம் 40 டிகிரி தாண்டிக் காய்கிறது. சூடான காற்று மேலே ஏறி, கிடைத்த ஈரத்தோடு கோபுரம் மாதிரி மேகம் கட்டுகிறது. அதிலிருந்து விழும் மழை கீழே காய்ந்த காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகும்போது அந்தக் காற்று குளிர்ந்து, கனமாகி, தொப்பென்று தரையில் விழுந்து நாலா பக்கமும் பரவுகிறது. அதுதான் சூறைக்காற்று. அதனால்தான் மழைக்கு முன்னால் காற்று வருகிறது. சில நாள் மழையே இல்லாமல் காற்று மட்டும் அடித்துவிட்டுப் போவதும் இதனால்தான். காற்றின் வேகம் திடீரென்று 30 கிலோமீட்டராவது கூடி, 40-ஐத் தாண்டி, ஒரு நிமிஷமாவது நீடித்தால் வானிலைக்காரர்கள் ஸ்குவால் என்று கணக்கெடுப்பார்கள். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. 40-ல் படபடவென்று ஆடிய தகரம் 80-ல் பறப்பது அப்படித்தான்.

சித்திரை, வைகாசியில் பிற்பகல் மூன்று மணியிலிருந்து ராத்திரி வரைக்கும் யாராவது ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். போனில் மஞ்சள், ஆரஞ்சு எச்சரிக்கை வரும், வானிலை மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பையும் தருகிறது. மின்னல் கிட்டே இருக்கிறதா என்று தாமினி ஆப்பில் பார்க்கலாம். ஆனால் அறிவிப்பு மாவட்டம் முழுவதுக்கும் வருவதால் நாலு தடவை பொய்த்ததும் ஐந்தாவது தடவை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்குத்தான் சொந்த அடையாளம் வேண்டும். எங்களுக்கு மலை. காற்று மணிக்கு 48 கிலோமீட்டரில் வந்தால் எட்டு கிலோமீட்டர் தூரத்துக்குப் பத்து நிமிஷம், மலை மறைந்தால் எங்களுக்கு இருக்கும் நேரம் அவ்வளவுதான். உங்கள் ஊரில் ஒரு செல்போன் டவரோ பாலாற்றுப் பாலமோ இருக்கலாம், தூரத்தை ஒரு தடவை பைக்கில் போய் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். புழுக்கம் தாங்காமல் இருக்கும்போது திடீரென்று சில்லென்று ஒரு காற்று மண்வாசனையோடு முகத்தில் பட்டால் பத்து நிமிஷம்கூட இல்லை, ஒன்றிரண்டு நிமிஷம்தான். "அப்பாடா" என்று கட்டிலைத் தூக்கி வாசலில் போடுகிறோமே, அந்த நேரம்தான்.

பந்தல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் நம் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் எல்லாம் இந்த மாதங்களில்தான் வருகிறது. பந்தல்காரர் அழகுக்காக மூன்று பக்கமும் துணி கட்டுவார். அது பாய்மரம். காற்று உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் கூரையைத் தூக்கும். எதிரெதிராக இரண்டு பக்கமாவது திறந்திருக்கட்டும், மிச்சத் துணியை ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி சுருக்கு முடிச்சுப் போடச் சொல்லுங்கள். பைப்பை மண்ணில் வெறுமனே நிறுத்தாமல் இரண்டடி முளை அடித்து, மூலைக்கு மூலை கயிற்றைச் சாய்வாக இழுத்துக் கட்டவேண்டும். கயிற்றைக் கரண்ட் கம்பத்தில் கட்டவே கூடாது. ஜெனரேட்டரையும் சமையல் சிலிண்டரையும் பந்தலுக்கு வெளியே வையுங்கள். மைக் யார் கையில் என்பதும் முக்கியம். "கிளம்புங்க" என்று சொல்ல ஒருவருக்கு மட்டும் அதிகாரம் கொடுத்துவிடுங்கள், விழாக்குழு கூடிப் பேசி முடிவெடுப்பதற்குள் தகரம் குளத்தில் கிடக்கும். இன்னொன்று, மே மாதம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் வராண்டாவில் முண்டியடித்து நின்றோம், சாவி தலைமையாசிரியர் வீட்டில். இப்போதெல்லாம் காப்புக் கட்டுகிற அன்றைக்கே சாவியை வாங்கி வைத்துவிடுகிறோம்.

வீட்டுக் கூரைக்கு வருவோம். சிமெண்ட் ஷீட்டோ தகரமோ, காற்று முதலில் பிடிப்பது ஓரத்தைத்தான். ஓரத்திலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் போல்ட் வேண்டும், நடுவில் ஒன்று விட்டு ஒன்று போதும். வாஷர் துருப்பிடித்து ஓட்டை பெரிதாகியிருந்தால் அந்த போல்ட் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பங்குனியிலேயே, காலை வெயிலில், ஏணி போட்டுப் பார்த்துவிடுங்கள். சிமெண்ட் ஷீட் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள், பலகை போட்டு ஏறுங்கள். கூரை மேல் கல்லும் பழைய டயரும் வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு, அந்தக் கல் உருண்டு யார் தலையில் விழும் என்று யாரும் யோசிப்பதில்லை. வைக்கத்தான் வேண்டும் என்றால் மணல் மூட்டைகளை ஒரே கயிற்றில் கோத்து முகட்டின் இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள்.

தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய குலையையும் சித்திரைக்குள் இறக்கிவிடுங்கள். வீட்டை ஒட்டிய முருங்கையை வெட்டச் சொன்னால் வீட்டுப் பெண்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனால் முதலில் முறிவது அதுதான். கம்பி மேல் சாய்ந்த கிளையை நீங்களே வெட்டாமல் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து லைனை நிறுத்திவிட்டு வெட்டச் சொல்லுங்கள். வாழைக்கு, குலை தள்ளியதுமே சாயும் பக்கத்தில் இரண்டு சவுக்குக் கழியைக் கத்தரி மாதிரி கொடுத்துக் கட்டவேண்டும். வரப்போரம் அகத்தி நெருக்கி நட்டால் அடுத்த வருஷமே காற்றின் வேகத்தை ஓரளவு தடுக்கும்.

சரி, மலை மறைந்துவிட்டது. இப்போது என்ன? பிள்ளைகள், வயசானவர்கள், அதற்கப்புறம் மற்றதெல்லாம். ஓட்டு வீட்டிலும் ஷீட் வீட்டிலும் இருப்பவர்கள் பக்கத்து மெத்தை வீட்டுக்கு, அதாவது கான்கிரீட் வீட்டுக்குப் போய்விடவேண்டும், எந்தத் தெரு எந்த வீட்டுக்கு என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், பேசாத சொந்தக்காரராக இருந்தாலும் அந்த எட்டு நிமிஷம் பேசலாம். தகரக் கொட்டகையில் கட்டிய மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டால் போதும், பின்னாலேயே ஓடாதீர்கள். மோட்டார் ஸ்டார்ட்டரை நிறுத்துங்கள். காயப்போட்ட மிளகாய், கொடியில் துணி, மரத்தடியில் பைக் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கட்டும். அன்றைக்கு ஓர் அண்ணன் பறக்கிற சாமியானாத் துணியைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார், பத்தடி இழுத்துக்கொண்டு போய் வைக்கோல்போரில் போட்டது. வைக்கோலாக இருந்ததால் இன்றைக்கும் அந்தக் கதையை அவரே சொல்கிறார்.

சாலையில் மாட்டிக்கொண்டால் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தாதீர்கள், கம்பி, விளம்பரப் பலகை எதன் கீழும் வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விடவேண்டும், கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வரவேண்டும்.

எனக்கு இதைவிடப் பயம் காற்று ஓய்ந்த பிறகுதான். விடிந்ததும் மாங்காய் பொறுக்கப் பிள்ளைகள் தோப்புக்கு ஓடும், அங்கே ஈர மண்ணில் கம்பி அறுந்து கிடக்கும். ஊரே இருட்டாக இருந்தாலும் அந்தக் கம்பியில் கரண்ட் இருக்கலாம், நிறுத்திய லைனுக்குத் திடீரென்று திரும்பவும் வரலாம். அறுந்த கம்பி தோட்டத்து முள்வேலியைத் தொட்டுக்கொண்டிருந்தால் வேலி முழுவதும் கரண்ட்தான். பக்கத்தில் போய்விட்டால் ஓடாமல், காலை அகட்டாமல், பாதத்தை ஒட்டி ஒட்டித் தேய்த்துக்கொண்டே விலகி வாருங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, இந்த இரண்டையும் கோயில் சுவரில் பெயிண்டில் எழுதிவிட்டோம்.

வாழை சாய்ந்திருந்தால் உடனே வெட்டித் தள்ளாதீர்கள். வயலில் நின்றபடி போட்டோ எடுத்து, சர்வே நம்பரோடு வி.ஏ.ஓ.விடமும் தோட்டக்கலை அலுவலகத்திலும் சொல்லிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று கணக்கெடுத்தால்தான் நிவாரணத்துக்கே பேர் போகும். முக்கால் முற்றிய தாரைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, பக்கக்கன்றில் நல்லதாக ஒன்றை விட்டுவிடுங்கள்.

பந்தல்காரர் மறுநாள் காலையில் வந்து குளத்திலிருந்து துணியை இழுத்துப் பிழிந்துகொண்டே, "வாடகை முழுசா குடுத்துடுவீங்கல்லணா?" என்றார். பாதி கொடுத்தோம். இந்த வருஷமும் அவரேதான், முளை மட்டும் நாங்கள் அடித்துக்கொடுத்தோம்.