வரலாறு படித்து ஆசிரியராகப் போகிறவர்களுக்கு

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, பிறகு பாடசாலையில் கற்பிக்கும் எண்ணமா? விரிவுரைக் குறிப்போடு நின்றுவிடாதீர்கள். கொழும்பிலுள்ள தேசிய நூதனசாலைக்குப் போய்க் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கள். 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காணிக்கைகளைச் சொல்லும்போது சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் இந்துத் தெய்வத்தையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகிறது. எழுத்து தேய்ந்திருக்கும்; அதனால் அச்சில் வந்த வாசகத்தை முதலே படித்துவிட்டுப் போங்கள்.

"ஒரே கல்லில் ஏன் மூன்று மொழி?" என்று தரம் 10 பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், இந்து சமுத்திர வணிகம் முழுவதும் வகுப்புக்குள் வந்துவிடும். வெறும் ஆண்டுகளை ஒப்புவிக்கச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். தவணைக்கு ஒரு மூலச் சான்றை எடுத்து இப்படிப் பாடக்குறிப்பு எழுதி வையுங்கள். அப்படிச் சான்று தேடுவதற்குத் தேசிய சுவடிகள் கூடமும் கொழும்பு 7இல்தான் இருக்கிறது.